ஓடுவதும் ஓட்டுவதும்

ஆங்கிலத்தில் மிக அதிகமான பொருள்களைச் சுமக்கும் சொல், மூன்றே எழுத்துள்ள ‘ரன்’. ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் ஆசிரியர்களில் ஒருவரான பீட்டர் கில்லிவர் இந்த ஒரு சொல்லைச் சீர்செய்வதற்காகச் சுமார் ஒன்பது மாதம் உழைத்தார். 2011இல் வெளியான கணக்குப்படி, வினைச்சொல்லாக மட்டும் இதற்கு 645 பொருள்கள். அதற்கு முன்பு பெயர்பெற்றிருந்தது ‘செட்’. 1989இல் வந்த இரண்டாம் பதிப்பில் அதற்கு 430 பொருள்கள் இருந்தன.

நமக்கு ரன் என்றதும் கிரிக்கெட்தான் நினைவுக்கு வரும். அங்கேயே சொல்லின் போக்கு தெரிந்துவிடுகிறது. பந்து தரையோடு உருண்டு எல்லைக்கோட்டைத் தொட்டுவிட்டால் யாரும் ஓட வேண்டியதில்லை, ஆனாலும் அது 4 ரன். வங்கி திவாலாகப்போகிறது என்ற பயத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் பணத்தை எடுக்கப் போவதற்கும் ரன் என்றே பெயர். 2023 மார்ச்சில் அமெரிக்காவின் சிலிக்கான் வேலி வங்கியில் வாடிக்கையாளர்கள் ஒரே நாளில் 4,200 கோடி டாலர் எடுக்க முயன்றார்கள். பெரும்பாலும் கணினியிலும் கைபேசியிலும் நடந்த வேலை அது. காலுக்கு வேலை போன பிறகும் சொல் நிலைத்துவிட்டது.

ஆங்கிலத்தில் மூக்கு ஒழுகினால் ரன். துவைக்கும்போது சாயம் போனால் ரன். பத்திரிகை ஒரு செய்தியை வெளியிட்டால் ரன். கணினியில் நிரலை இயக்கினாலும் ரன்தான். கூடவே ‘அவுட்’ சேர்ந்தால் வீட்டில் பால் தீர்ந்துவிட்டது என்று பொருள். ‘இன்டூ’ சேர்ந்தால், எதிர்பாராமல் ஒருவரைப் பார்த்தோம். ‘ஓவர்’ சேர்ந்தால், வண்டி ஏறிவிட்டது. தேர்தலில் அமெரிக்க வேட்பாளர் ‘ஓடுகிறார்’, பிரிட்டன் வேட்பாளரோ நம்மவர்போல ‘நிற்கிறார்’.

இதைப் பார்த்து மலைக்க வேண்டாம். நம்முடைய ‘ஓடு’ எத்தனை இடங்களில் ஓடுகிறது! கடிகாரம் ஓடுகிறது, படம் நூறு நாள் ஓடுகிறது, கடை சுமாராக ஓடுகிறது, கவலையில் கை கால் ஓடுவதில்லை. ஆனால் ஓரிடத்தில் தமிழ் வேறு வழியில் போகிறது. வண்டி தானாக ஓடும், நாம் அதை ஓட்டுவோம். ஓடுவதும் ஓட்டுவதும் நமக்கு இரண்டு வினைகள். ஆங்கிலத்தில் பேருந்து ஓடுவதற்கும் ரன்தான், ஒருவர் கடை நடத்துவதற்கும் ரன்தான்.

ஆங்கிலமும் ஒரு காலத்தில் நம்மைப்போலவே இருந்தது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய பழைய ஆங்கிலத்தில் ஓடுவதற்கு ஒரு வினையும் ஓடச்செய்வதற்கு இன்னொரு வினையும் தனித்தனியே இருந்தன. காலப்போக்கில் அவை ஒலியில் நெருங்கி ஒரே சொல்லாகக் கலந்தன. அந்தப் பழைய இணைகளில் சில இன்றும் தப்பிப் பிழைத்திருக்கின்றன: விழுவதற்கு ‘ஃபால்’, மரத்தை வெட்டி வீழ்த்துவதற்கு ‘ஃபெல்’. உட்காருவதற்கு ‘சிட்’, உட்காரவைப்பதற்கு ‘செட்’. முன்பு முதலிடத்தில் இருந்த ‘செட்’ பிறந்தது இந்த வழியில்தான்.

‘ரன்’னுக்கு இத்தனை பொருள்கள் சேர்ந்ததற்கு, இரண்டு வினைகளின் வேலையும் ஒரே தலையில் விழுந்தது ஒரு காரணம். இயந்திரங்கள் வந்தது இன்னொன்று. ஆலை, ரயில், மோட்டார், கணினி என்று வரிசையாக வந்தபோது, இயங்குவதைச் சொல்ல ஆங்கிலேயர் புதுச் சொல் தேடவில்லை. கையிலிருந்த எளிய சொல்லையே நீட்டிக்கொண்டார்கள். எந்த மொழியிலும் புதிய வாழ்க்கையின் சுமையை முதலில் தாங்குவது இப்படிப்பட்ட வீட்டுச் சொற்கள்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

ஆகவே ஆங்கிலம் கற்பிக்கும் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். கரும்பலகையில் ‘ரன்’ என்று எழுதி, எதிரே ‘ஓடு’ என்று எழுதி அடுத்த சொல்லுக்குப் போய்விடாதீர்கள். பத்து வாக்கியங்கள் கொடுங்கள். பக்கத்தில் எந்தச் சொல் வந்தால் என்ன பொருள் பிறக்கிறது என்று பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும். பெரிய சொற்களை மனப்பாடம் செய்த மாணவர்கள் பலர், பேச்சிலும் செய்தித்தாளிலும் நிமிடத்துக்கு ஒரு தடவை வரும் இந்தச் சின்னச் சொற்களில்தான் தடுக்கி விழுகிறார்கள்.

தமிழுக்கும் இதே அக்கறை வேண்டும். 1992இல் முதலில் வெளிவந்த ‘க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி’ இன்றைய தமிழின் சொற்களை வாக்கியங்களோடு காட்டியது. ‘ஓடு’, ‘போடு’, ‘விடு’, ‘அடி’ போன்ற சொற்களை அதில் ஒருமுறை எடுத்துப் படித்துப் பாருங்கள். பிள்ளைகளையும் பக்கத்தில் உட்காரவையுங்கள். தாய்மொழியின் ஒரு சின்ன வினை எத்தனை வேலை செய்கிறது என்று கண்டுகொண்ட பிள்ளைக்கு 645 என்ற எண் பயம் காட்டாது.