உள்ளே பொருந்தும் ரவையெல்லாம் உரிய ரவையா?

1963 நவம்பர் 22 அன்று அமெரிக்காவின் டல்லஸ் நகரில் ஜனாதிபதி கென்னடி சுட்டுக் கொல்லப்பட்டு ஒரு மணித்தியாலத்துக்குள், பொலிஸ் உத்தியோகத்தர் ஜே.டி. டிப்பிட்டும் சுட்டுக் கொல்லப்பட்டார். அவரது உடலிலிருந்து நான்கு சன்னங்கள் எடுக்கப்பட்டன. அவை லீ ஹார்வி ஒஸ்வால்டிடம் கைப்பற்றப்பட்ட ரிவோல்வரிலிருந்துதான் பாய்ந்தன என்று எஃப்.பி.ஐ. நிபுணரால் உறுதியாகக் கூற முடியவில்லை. அங்கு கிடைத்த வெற்று ரவைக் கோதுகளே அந்தத் துப்பாக்கியை அடையாளம் காட்டின.

இதற்கான காரணம் வொரன் ஆணைக்குழுவின் அறிக்கையிலேயே இருக்கிறது. அந்த ஸ்மித் அன்ட் வெசன் ரிவோல்வர், இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பிரித்தானியாவுக்காகத் தயாரிக்கப்பட்டது. ‘.38 எஸ் அன்ட் டபிள்யூ’ ரவைக்கென உருவான அதனை, பின்னர் அமெரிக்க வணிகர்கள் ‘.38 ஸ்பெஷல்’ ரவையை ஏற்கும்படி மாற்றினார்கள். குழலை மட்டும் மாற்றவில்லை. அகன்ற குழலுக்குள் சிறிய சன்னம் தடுமாறிச் சென்றதால், ஒவ்வொரு முறையும் அதில் வெவ்வேறு கீறல்கள் விழுந்தன.

இரண்டு ரவைகளுக்கும் ‘.38’ என்றே பெயர். ஆனால் பழைய ரவைக் கோதின் அடிப்பகுதி ஏறத்தாழ 9.8 மில்லிமீற்றர் விட்டமுடையது. ஸ்பெஷல் ரவையினுடையது 9.6 மில்லிமீற்றர். ஸ்பெஷல் ரவை நீளமானது என்பதால், மாற்றியவர்கள் உருளையின் அறையை முன்புறமாகக் குடைந்து நீட்டினார்கள். பின்பகுதி பழைய அகலத்திலேயே இருந்தது. சுடும்போது கோதின் அடிப்பகுதி அந்த இடைவெளிக்குள் ஊதி வீங்கும்; சில வேளைகளில் பிளந்து, சூடான வாயுவைச் சுடுபவரை நோக்கிக் கசியவிடும்.

இதைவிட ஆபத்தானது வெப்லி ரிவோல்வரின் கதை. 1915 இல் பிரித்தானிய இராணுவம் ஏற்றுக்கொண்ட ஆறாம் மாதிரி வெப்லி, ‘.455’ ரவைக்குரியது. போருக்குப் பின் மலிவாக அமெரிக்கச் சந்தைக்கு வந்த பல வெப்லிகளின் உருளையைப் பின்புறம் சீவி, எங்கும் கிடைக்கும் ‘.45 ஏ.சி.பி.’ ரவை பொருந்தும்படி விற்றார்கள். .455 ரவைக்கான உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ 13,000 இறாத்தல். .45 ஏ.சி.பி. ரவைக்கு அது 21,000 இறாத்தல். ரவை சிக்கலின்றி உள்ளே போகும், பல தடவை சுடவும் செய்யும். ஆனால் உலோகம் எத்தனையாவது தடவையில் வெடிக்கும் என்பதை எவராலும் சொல்ல முடியாது.

அந்த மாற்றத்தைச் செய்தவர் இலாபத்துடன் போய்விட்டார். பல தசாப்தங்களின் பின்னர் அதைக் கையில் எடுப்பவருக்குக் கிடைப்பது குழலிலோ உடலிலோ பொறிக்கப்பட்ட பழைய எழுத்து மட்டுமே. அது துப்பாக்கி பிறந்த அளவைச் சொல்லும். பின்னர் அதற்கு என்ன நடந்தது என்பதைச் சொல்லாது.

பிரித்தானியாவில் துப்பாக்கிகள் அரச அங்கீகாரம் பெற்ற பரிசோதனை நிலையத்தில் உயர் அழுத்த ரவையால் சோதிக்கப்பட்டு முத்திரை பெறவேண்டும். உறுதியைப் பாதிக்கும் வகையில் மாற்றியிருந்தால் மறுபடி சோதிக்காமல் விற்பது குற்றம். அமெரிக்காவில் அத்தகைய கட்டாயம் இல்லை. 1972 இல் உருவான நுகர்வோர் பொருட்பாதுகாப்புச் சட்டமும் துப்பாக்கிகளையும் ரவைகளையும் தன் எல்லைக்கு வெளியே விட்டது. விளையாட்டுப் பொம்மையைச் சந்தையிலிருந்து மீளப்பெற உத்தரவிடக்கூடிய ஆணைக்குழுவுக்கு, தவறாகக் குடையப்பட்ட ரிவோல்வர் விடயத்தில் அதிகாரமில்லை. இடர் முழுவதும் கடைசியாக வாங்கியவரின் தலையில் இறங்குகிறது.

இலங்கையில் சூழல் வேறு. 1916 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கத் துப்பாக்கிகள் கட்டளைச் சட்டத்தின் கீழ் உரிமமின்றி எதையும் வைத்திருக்க முடியாது. தற்காப்புக்காகப் பொதுமக்களுக்கு வழங்கிய துப்பாக்கிகளைத் தற்காலிகமாகக் கையளிக்குமாறு 2024 இல் பாதுகாப்பு அமைச்சு கேட்டபோது எழுந்த விவாதம், யாரிடம் துப்பாக்கி இருக்கலாம் என்பதைச் சுற்றியே நின்றது. இருக்கும் துப்பாக்கி எந்த நிலையில் உள்ளது என்பதும் பொதுமக்கள் பாதுகாப்புக் கேள்விதான். பழைய ரிவோல்வர் ஒன்றின் உரிமத்தைப் புதுப்பிக்கும்போது இலக்கத்தைச் சரிபார்ப்பதோடு நிறுத்தாமல், உருளையின் அறையையும் குழலையும் தகுதியான ஆயுதத் தொழில்நுட்பவியலாளர் அளந்து, உரிய ரவையின் முழுப் பெயரையும் உரிமத்தில் எழுத வேண்டும். ‘.38’ என்று மட்டும் எழுதுவது போதாது.

தாத்தா காலத்து ரிவோல்வரைச் சட்டப்படி வைத்திருப்பவர் அதுவரை செய்யக்கூடியது ஒன்றுதான்: ரவையை உள்ளே இட்டுப் பார்த்துப் பொருந்துகிறது என்று முடிவு செய்யாதிருப்பது. ஒஸ்வால்டின் ரிவோல்வரிலும் ரவை பொருந்தத்தான் செய்தது.