சென்டரில் பணம் கட்டுவதற்கு முன்

பெங்களூரில் ஒக்கலிபுரம், ஸ்ரீராம்புரம் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களில் பி.சி.ஏ.வோ டிப்ளமோவோ முடித்த பிள்ளை இருந்தால், அடுத்து வீட்டில் எழும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: எந்தக் கணினிப் பயிற்சி சென்டரில் சேர்க்கலாம்? மாரத்தஹள்ளியா, பி.டி.எம். லேஅவுட்டா, ராஜாஜிநகரா என்று விசாரிப்பார்கள்; கட்டணத்தை ஒப்பிடுவார்கள்; தெரிந்தவர் மகன் எங்கே படித்தான் என்று கேட்பார்கள். கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வியை முதலில் கேட்கிறோம் என்பதே என் கருத்து. எழுதப்போகும் சான்றிதழ்த் தேர்வு எது, அது எதை, எப்படிச் சோதிக்கிறது என்று தெரியாமல் பயிற்சியைத் தேர்ந்தெடுப்பது, என்ன நோய் என்று தெரியாமல் மருந்துக் கடையில் வரிசையில் நிற்பது போன்றது.

எல்லாச் சான்றிதழ் தேர்வுகளும் ஒரே மாதிரியானவை அல்ல. ரெட் ஹேட் நிறுவனத்தின் ஆர்.எச்.சி.எஸ்.ஏ. தேர்வில் நான்கு விடைகளில் ஒன்றைக் குறிக்கிற வேலையே கிடையாது. ஒரு லினக்ஸ் கணினியைக் கொடுத்து, பயனர் கணக்கை உருவாக்கு, வட்டைப் பிரி, சேவையை இயக்கு என்று வேலைகளைச் சொல்வார்கள். 300க்கு 210 எடுத்தால் தேர்ச்சி. இதில் பலர் கவனிக்காத ஒரு நிபந்தனை உண்டு: கணினியை அணைத்து மீண்டும் இயக்கிய பிறகும் நீங்கள் செய்த மாற்றம் நிலைத்திருக்க வேண்டும். அந்த நேரத்துக்குச் சரியாக ஓடி, மறுபடி இயக்கியதும் காணாமல் போனால் உழைப்புக்கு மதிப்பெண் இல்லை. எத்தனை மணி நேர வீடியோ பார்த்தாலும் இந்த எச்சரிக்கை உணர்வு வராது. பத்து முறை தவறு செய்து, பத்து முறை திருத்திய விரல்களுக்குத்தான் அது வரும். சிஸ்கோவின் வலைப்பின்னல் தேர்வான சி.சி.என்.ஏ. வேறு வகை. 120 நிமிடங்கள், ஒரு கேள்வியைத் தாண்டிவிட்டால் திரும்பி வர முடியாது. ஐ.பி. முகவரிகளைப் பிரிக்கும் கணக்கு மூச்சு விடுவதுபோல் வரவேண்டும். மைக்ரோசாஃப்ட்டோ 2023 முதல், பணிநிலை சார்ந்த தன் தேர்வுகளில் தனது இணையப் பாடநூலைத் திறந்து பார்க்கவே அனுமதிக்கிறது. அங்கே மனப்பாடத்தைவிட, எதை எங்கே தேடுவது என்கிற பழக்கம்தான் கைகொடுக்கும். இந்த மூன்றுக்கும் ஒரே பாணியில் வகுப்பு நடத்தும் ஓர் இடம் எதற்குமே சரியாகத் தயார் செய்யாது.

இனி பணம். சி.சி.என்.ஏ. தேர்வுக் கட்டணம் 300 டாலர். வரியைச் சேர்க்காமலே 25,000 ரூபாயைத் தாண்டும். கர்நாடக அரசின் யுவநிதித் திட்டம் வேலையில்லாப் பட்டதாரிக்கு மாதம் 3,000 ரூபாய் தருகிறது. அதில் ஒன்பது, பத்து மாதத் தொகை ஒரே ஒரு தேர்வுக்கு. தோற்றால் மறுபடி முழுக் கட்டணம். ஆனால் தேர்வுக்கு வேண்டிய மற்றவை பெரும்பாலும் இலவசம். பாடத்திட்டத்தைச் சிஸ்கோவும் ரெட் ஹேட்டும் வெளிப்படையாகவே தருகின்றன. வலைப்பின்னலைக் கணினித் திரையிலேயே கட்டிப் பார்க்கும் பாக்கெட் டிரேசருக்குக் காசு இல்லை. ஆல்மா லினக்ஸ், ராக்கி லினக்ஸ் இரண்டும் ரெட் ஹேட்டின் லினக்ஸோடு ஒத்துப்போகும் இலவச மாற்றுகள். ஐ.ஐ.டி.களும் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து நடத்தும் என்.பி.டி.இ.எல். பாடங்களையும் இலவசமாகப் படிக்கலாம். ஆகவே கையில் இருக்கும் பணத்தை முதலில் தேர்வுக்கும், ஓரளவு நல்ல ஒரு லேப்டாப்புக்கும் ஒதுக்க வேண்டும், மிஞ்சுவதுதான் வகுப்புக்கு. நடப்பதோ தலைகீழ். மொத்தக் கட்டணமும் சேரும் நாளிலேயே வகுப்புக்குப் போகிறது, பல நேரம் ஈ.எம்.ஐ. கடனாக. வகுப்பு பாதியில் நின்றாலும் தவணை நிற்காது, ஏனென்றால் கடன் கொடுத்தவர் வேறு, பாடம் நடத்துபவர் வேறு. இதைக் கையெழுத்துப் போடும் தந்தைக்கு யாரும் விளக்குவதில்லை.

'தனியாகப் படி என்று சொல்வது சுலபம். ஓர் அறையில் ஐந்து பேர் வாழும் வீட்டில், ஆங்கிலம் தடுமாறுகிற பிள்ளை என்ன செய்வான்?' என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. சென்டரே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தமிழிலோ கன்னடத்திலோ புரியவைக்கும் ஆசிரியர், தவறைப் பக்கத்தில் நின்று பிடிக்கிறவர், கொடுக்கும் காசுக்குத் தகுந்தவர். ஆனால் அவரைத் தேடிப் போகும்போது கேட்க வேண்டியவை வேறு. பாடம் எடுக்கப்போவது யார், வாரத்தில் எத்தனை மணி நேரம் என் பிள்ளையின் கை கணினியில் இருக்கும், மாதா மாதம் கட்டலாமா? இந்த மூன்றுக்கும் நேரான பதில் வராவிட்டால் எழுந்து வந்துவிடலாம். சி.சி.என்.ஏ.யைத் தமிழில் எழுத முடியாது என்பதால், ஆசிரியர் தமிழில் விளக்கினாலும் கேள்வியை ஆங்கிலத்தில் படிக்கும் பழக்கம் முதல் வாரத்திலிருந்தே வேண்டும்.

இன்னொரு வாதம் கசப்பானது: 'கம்பெனிக்காரன் சான்றிதழைத்தான் பார்க்கிறான், டம்ப்ஸ் படித்தே பாஸ் பண்ணிவிடலாம்.' டம்ப்ஸ் என்பது தேர்விலிருந்து கசிந்த கேள்வி-விடைத் தொகுப்பு. பண்ணலாம், சில தேர்வுகளில். 1990களின் கடைசியில் மைக்ரோசாஃப்ட்டின் எம்.சி.எஸ்.இ. சான்றிதழுக்கு நேர்ந்ததும் அதுதான். கேள்விகளை மனப்பாடம் செய்து தேறியவர்கள் பெருகியதும் 'பேப்பர் எம்.சி.எஸ்.இ.' என்ற ஏளனப் பெயர் வந்தது. உண்மையாகப் படித்தவனும் அந்தப் பெயரைச் சுமக்க வேண்டியதாயிற்று. டம்ப்ஸில் படித்தது தெரிந்தால் சான்றிதழைப் பறிக்கும் உரிமையை இந்த நிறுவனங்கள் தம் விதிகளிலேயே வைத்திருக்கின்றன. பறிக்காவிட்டாலும், நேர்காணலில் 'இந்த ரவுட்டர் ஏன் பேசவில்லை, பார்' என்று ஒரு கேள்வி வந்தால் மனப்பாடம் உதவாது.

'100 சதவீத வேலை உறுதி' என்ற பலகையை நம்பித்தான் சேர்க்கிறோம் என்பவர்களுக்கு ஒரு தகவல். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 நவம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதல்கள், பயிற்சி மையங்கள் வேலை உறுதி பற்றிப் பொய்யான விளம்பரம் செய்வதைத் தடை செய்கின்றன. ஆனால் அவை ஐம்பதுக்கு மேற்பட்ட மாணவர்கள் உள்ள மையங்களுக்கே பொருந்தும். இருபது பேரை வைத்து ஒற்றை அறையில் நடக்கும் சென்டர் இதற்குள் வராது, எளிய குடும்பங்கள் போய்ச் சேர்வதோ பெரும்பாலும் அங்கேதான். இந்த எண்ணிக்கை வரம்பை நீக்க வேண்டும். கர்நாடக அரசும் ஒன்று செய்யலாம்: அரசுக் கல்லூரிகளிலும் ஐ.டி.ஐ.களிலும் உள்ள கணினி லேப்களை மாலை ஆறு மணி முதல் ஒன்பது மணி வரை, ஒரு மேற்பார்வையாளரை வைத்து, அந்தந்த வட்டாரப் பிள்ளைகளுக்குத் திறந்துவிடலாம். ஒக்கலிபுரத்துப் பிள்ளைக்கு வீட்டில் கிடைக்காத மேசையும் அமைதியும் கணினியும் அங்கே கிடைக்கும்.