அழுத்தக் கணக்கையும் கேளுங்கள்

ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையில் உருவான டி-72 டாங்கியின் எடை ஏறத்தாழ 41 டன். அத்தனை பாரத்தையும் தாங்குபவை பக்கத்துக்கு ஆறாக அமைந்த 12 சக்கரங்கள். ஒவ்வொன்றும் விளிம்பில் ரப்பர் ஒட்டிய உலோகம். ரப்பரைச் சீக்கிரம் தேயாமல் காப்பது கார்பன் பிளாக் எனப்படும் நுண்கரி. பாலிமர், கார்பன், உலோகம் மூன்றும் சேர்ந்த இதே கூட்டுதான் லாரி எஞ்சினைத் தாங்கும் மவுன்டிங்கிலும் இருக்கிறது.

அம்பத்தூர் எஸ்டேட்டின் சிறு பட்டறைகளுக்கு இத்தகைய பாகங்களைச் செய்வது அன்றாட வேலை. ஷாட் பிளாஸ்டிங் செய்து, பசை பூசிய இரும்பை டையில் வைத்து, மேலே காம்பவுண்ட் எனப்படும் ரப்பர் கலவையைப் போட்டு, 150 டிகிரி அளவு சூட்டில் பிரஸ்ஸை மூடுகிறார்கள். மூடிய வேகத்தில் ஓரிரு முறை லேசாகத் திறந்து மூடுவார் ஆபரேட்டர். உள்ளே சிக்கிய காற்று வெளியேறத்தான் அது.

ரப்பர் சங்கிலிகளைக் கந்தகத்தால் பிணைப்பது சூடு. ஆனால் அழுத்தம் குறைந்தால் காம்பவுண்டில் உள்ள ஈரமும் வாயுவும் விரிந்து, ரப்பருக்குள் குமிழ்களாகத் தங்கிவிடும். இரும்பின் நுண்ணிய மேடுபள்ளங்களுக்குள் ரப்பர் முழுதாக இறங்காது. ஒட்டு அங்கேதான் முதலில் விடும். வெளியே பார்த்தால் பொருள் பளபளவென்று குறையின்றி இருக்கும்.

பிரஸ்ஸின் அழுத்தம் கார்பனின் உள்கட்டமைப்பைத் தொடுவதில்லை. அதை வைரமாக்க 50,000 வளிமண்டலத்துக்கு மேல் வேண்டும். அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் ஆய்வகம் 1954இல் அதைச் செய்துகாட்டியது. பாலிமரிலும் அழுத்தத்தின் வல்லமை பெரிது. 1933இல் இங்கிலாந்தில் எத்திலீன் வாயுவை ஆயிரம் வளிமண்டலத்துக்கு மேல் அழுத்தியபோதுதான் பாலிதீன் பிறந்தது. அம்பத்தூர் பிரஸ்ஸுக்கு அந்த அளவெல்லாம் தேவையில்லை. குறித்த அழுத்தம், குறித்த நேரம் குறையாமல் நின்றால் போதும்.

அந்த 'போதும்' என்பதை உறுதிசெய்ய யார் காசு கொடுப்பது? கிலோவுக்கு என்ன விலை, அளவு சரியா என்று மட்டும் கேட்டு ஆர்டர் கொடுப்பது நியாயமில்லை. தேய்ந்த ஆயில் சீலும், பழுதான பிரஷர் கேஜும் மாற்றப்படாமல் கிடப்பதற்கு அந்த விலைப் பேரமும் ஒரு காரணம். வாங்கும் நிறுவனங்கள் ஒவ்வொரு லாட்டுக்கும் அழுத்தப் பதிவைக் கேட்க வேண்டும். இரண்டு மூன்று துண்டுகளை அறுத்துப் பார்ப்பதற்கான செலவையும் விலையிலேயே சேர்த்துத் தர வேண்டும். குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் ரப்பர் தொழில்நுட்பம் படிக்கும் மாணவர்களை இந்தச் சோதனைகளில் ஈடுபடுத்தலாம். அறுத்த துண்டில் ரப்பர் கிழிந்து இரும்போடு ஒட்டியே நின்றால் லாட்டை அனுப்பலாம். இரும்பு வெறுமையாகத் தெரிந்தால் அந்த லாட் பட்டறையைவிட்டு வெளியே போகக்கூடாது.