வாசற்படி தாண்டாத சட்டம்

"குடும்பத் தகராறு" என்று ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள், தோழர்களே! போலீஸ் நிலையத்திலே எழுத்தர் பேனாவை எடுப்பதற்கு முன்பே இந்தப் பெயர் அவர் நாவிலே வந்து நிற்கும். பஸ் நிலையத்தில் ஒருவன் இன்னொருவன் மண்டையை உடைத்தால் அது அடிதடி வழக்கு. வீட்டுக்குள்ளே கணவன் மனைவியின் மண்டையை உடைத்தால் அது குடும்பத் தகராறு. கடைத்தெருவில் கிழவரைப் பிடித்துத் தள்ளிப் பணம் பறித்தால் வழிப்பறி. அதே கிழவரைப் பெற்ற மகனே பிடித்துத் தள்ளிப் பத்திரத்திலே கைநாட்டு வாங்கினால், அதுவும் குடும்பத் தகராறு! மண்டை ஒன்றுதான், இரத்தம் ஒன்றுதான், வலியும் ஒன்றுதான். மேலே ஒரு கூரை வந்துவிட்டால் மட்டும் குற்றத்தின் பெயர் மாறிவிடுகிறது.

எங்கோ நடப்பதைச் சொல்லவில்லை. 2019-21-ஆம் ஆண்டுகளில் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வைப் பாருங்கள். மணமான 18 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில், கணவனின் வன்முறைக்கு ஆளானதாகச் சொன்னவர்கள் இந்தியா முழுவதும் நூற்றுக்கு 29 பேர். தமிழ்நாட்டில் 38 பேர்! படிப்பிலே முன்னே நிற்கிறோம், மருத்துவத்திலே முன்னே நிற்கிறோம் என்று மேடைதோறும் மார்தட்டுகிறோம்; தட்டிக்கொள்ளலாம், தப்பில்லை. இந்தக் கணக்கிலும் முன்னே நிற்கிறோமே, இதை எந்த மேடையில் சொல்லுவது?

அதே ஆய்வு இன்னொன்றும் சொல்கிறது. நாடு முழுவதும் அடியும் வதையும் பட்ட பெண்களில், யாரிடமாவது உதவி கேட்டவர்கள் நூற்றுக்கு 14 பேர்தான். 77 பேர் வாயே திறக்கவில்லை, தாயிடம்கூடச் சொல்லவில்லை. ஏன் திறக்கவில்லை? திறந்தவர்களுக்கு என்ன நடந்தது என்று அவர்கள் பார்த்திருக்கிறார்கள்.

வெண்ணந்தூர்ப் பக்கம் தறிக்குப் போகிற ஒரு பெண் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரவு அடி வாங்கினாள். காலையில் பஸ் ஏறி இராசிபுரம் அரசு மருத்துவமனைக்கு வருகிறாள். பக்கத்திலே மாமியார் நிற்கிறார். "என்னம்மா ஆச்சு?" என்கிறார் டாக்டர். "படியில வழுக்கி விழுந்துட்டேனுங்க" என்கிறாள். வரிசையிலே இன்னும் நாற்பது பேர். விழுந்தாள் என்று எழுதி, தையல் போட்டு அனுப்பிவிடுகிறார்கள். தாடை வீங்கி, முழங்கையிலே விரல் பதிந்த தடம் இருக்கும். எந்தப் படிக்கட்டுக்கு ஐந்து விரல் இருக்கிறது?

துணிந்து காவல் நிலையம் போகிறாள் என்றே வையுங்கள். "ஏம்மா, குடும்பம்னா நாலும் இருக்கும். புள்ளைங்க இருக்குதில்ல? அனுசரிச்சுப் போம்மா." அவனைக் கூப்பிட்டு நாலு அதட்டல். ஒரு வெள்ளைத் தாளிலே "இனி இப்படி நடக்கமாட்டேன்" என்று கையெழுத்து. இருவரையும் ஒரே பஸ்ஸிலே வீட்டுக்கு அனுப்பி வைக்கிறார்கள். அன்றைய இரவு அந்த வீட்டுக்குள் என்ன நடக்கும் என்பதை அந்தத் தாள் பார்த்துக்கொள்ளுமா?

காவலர்கள் எல்லாம் கல்நெஞ்சர் என்று நான் சொல்லவில்லை. திருவிழாப் பந்தோபஸ்து, தேர்தல் பந்தோபஸ்து, அமைச்சர் வருகை, எல்லாவற்றையும் அந்த நாலு பேரே தாங்கவேண்டும். 1992-இல் சென்னை ஆயிரம் விளக்கிலே முதல் மகளிர் காவல் நிலையம் தொடங்கியபோது அது நல்ல காரியம். யார் ஆட்சியிலே வந்தது என்று பார்த்து நல்லதைக் கெட்டதாக்குகிறவன் நானல்ல. ஆனால் காவல் நிலையத்தையே பஞ்சாயத்துத் திண்ணையாக ஆக்கிவிட்டால், பலகையிலே "மகளிர்" என்று எழுதி என்ன பயன்?

சமாதானம் செய்து வைக்கச் சட்டமே சொல்கிறது என்பார்கள். எப்படிச் சொல்கிறது என்று பாருங்கள். குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் 2005-இல் நிறைவேறி, 2006 அக்டோபர் 26 முதல் நடப்பில் இருக்கிறது. அதன்படி ஆலோசனைக்கு அனுப்புகிற அதிகாரம் நீதிபதிக்கு. அந்த ஆலோசனையிலும், இனி வன்முறை செய்யமாட்டேன் என்று அவன் முதலில் உறுதி கொடுக்கவேண்டும். "சோறு ஆக்கி வைக்கவில்லை, அதனால் அடித்தேன்" என்று நியாயம் பேச அவனுக்கு இடமே இல்லை. அவள் விரும்பினால்தான் சமரசம். நம் ஊர்ச் சமாதானத்திலோ முதல் கேள்வியே, "நீ என்னம்மா செஞ்சே?"

இன்னும் கேளுங்கள். வழக்கமாக அடிபட்டவள்தானே பையைத் தூக்கிக்கொண்டு தாய்வீட்டுக்கு நடக்கிறாள்? இந்தச் சட்டம் அதைத் தலைகீழாகப் புரட்டிப் போட்டிருக்கிறது! வீடு யார் பெயரில் இருந்தாலும் அவளுக்கு அங்கே குடியிருக்க உரிமை உண்டு. அடித்தவனை "நீ வெளியே போ" என்று ஆணையிட நீதிபதிக்கு அதிகாரம் உண்டு. மனு கொடுத்தால் சாதாரணமாக மூன்று நாளுக்குள் முதல் விசாரணை. அதிலிருந்து அறுபது நாளுக்குள் முடிக்க முயலவேண்டும். பாதுகாப்பு ஆணையை மீறினால் ஓராண்டு வரை சிறை, அல்லது இருபதாயிரம் வரை அபராதம், அல்லது இரண்டும். மனைவி மட்டுமல்ல, தாயும் தமக்கையும் மகளும் இதன்கீழ் வரலாம். 1929-இல் செங்கற்பட்டு மாநாட்டிலே பெண்ணுக்குச் சொத்துரிமை என்று முழங்கினோம். 1989-இல் தமிழ்நாட்டிலே சட்டமாக்கினோம். கூரைக்குக் கீழே உரிமை இல்லாதவள் குரலுக்கு மதிப்பில்லை என்று அன்றே அறிந்தவர்கள் நாம்.

சட்டம் இருக்கிறது. அது வாசற்படி தாண்டி உள்ளே போகவில்லை. மருத்துவமனை ஒரு பக்கம், காவல் நிலையம் ஒரு பக்கம், பாதுகாப்பு அலுவலர் நாமக்கல்லில், நீதிமன்றம் இன்னொரு பக்கம். நாலு இடத்திலும் நாலு தடவை அவள் தன் கதையைச் சொல்லவேண்டும். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு ஒவ்வொரு இடத்துக்கும் அலையவேண்டும். இராசிபுரம் நெய் எந்தெந்த ஊருக்கோ போகிறது. நாமக்கல்லில் இருக்கிற ஒரு அலுவலர் இராசிபுரத்துக்கு வரக்கூடாதா? தாலுகா அளவிலும் பாதுகாப்பு அலுவலர்களை ஏற்படுத்துங்கள் என்று 2025 மே மாதத்திலே உச்ச நீதிமன்றமே மாநில அரசுகளுக்கு ஆணையிட்டது. நம் தாலுகா அலுவலகத்திலே அந்தப் பெயர்ப்பலகை எந்த அறை வாசலில் இருக்கிறது என்று போய்க் கேளுங்கள். கேட்கவேண்டியது நம் வேலை. ஆளுங்கட்சியாக இருந்தாலும் கேட்கலாம், எதிர்க்கட்சியாக இருந்தாலும் கேட்கலாம்.

கடல் கடந்து பிரிட்டனிலே கார்டிஃப் என்று ஒரு நகரம். அங்கே 2003-இல் ஒரு வழக்கத்தைத் தொடங்கினார்கள். போலீசும் மருத்துவரும் வீட்டுவசதித் துறையும் பெண்களுக்கு உதவும் அமைப்பும் ஒரே மேசையைச் சுற்றி உட்காருகிறார்கள். இந்த வட்டாரத்திலே உயிருக்கு ஆபத்தான நிலையிலே இருக்கிற பெண்கள் யார் யார், அவரவர் அறிந்தது என்ன என்று சொல்லி, யார் என்ன செய்வது என்று அங்கேயே முடிவெடுக்கிறார்கள். பெரிய விஞ்ஞானமா இது? மேசை ஒன்று, நாற்காலி ஆறு! அவ்வளவு தூரம் வேண்டாம், பம்பாயிலே 1984 முதல் காவல்துறை வளாகத்திலேயே சமூகப் பணியாளர்களை உட்காரவைத்த ஏற்பாடு இருக்கிறது. இராசிபுரத்திலே மாதத்துக்கு இரண்டு முறை மருத்துவ அலுவலரும் இன்ஸ்பெக்டரும் பாதுகாப்பு அலுவலரும் ஓரிடத்தில் கூடினால் என்ன குறைந்துவிடும்? மருத்துவமனையிலே மாமியாரை வெளியே உட்காரவைத்துவிட்டு நர்சம்மா தனியாக ஒரு கேள்வி கேட்கட்டும். அவள் சம்மதித்தால் அன்றைக்கே பாதுகாப்பு அலுவலருக்குத் தகவல் போகட்டும். காவல் நிலையத்திலே முதல் கேள்வி, "இன்னிக்கு ராத்திரி அந்த வீட்டுக்குப் போறதுக்குப் பயமா இருக்குதாம்மா?" என்று இருக்கட்டும். மனு வாங்கியதற்கு சி.எஸ்.ஆர். ரசீது கையிலே கொடுக்கட்டும். கண்டபடி கைது செய்யாதே என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் சொன்னதைச் சாக்காகக் காட்டுகிறவர்கள் உண்டு. கைதுக்குக் காரணம் எழுது என்றுதான் கோர்ட்டு சொன்னது. புகாரையே வாங்காதே என்று சொல்லவில்லை.

முதியவர்கள் சங்கதி இன்னும் கொடுமை. மகன்மீது புகார் சொல்லத் தகப்பனுக்கு வாய் வருவதில்லை. குலம் கெட்டது என்று ஊர் பேசுமாம்! 2007-ஆம் ஆண்டுச் சட்டப்படி கோட்டாட்சியர் தலைமையிலே தீர்ப்பாயம் இருக்கிறது; மாதம் பத்தாயிரம் ரூபாய் வரை பராமரிப்புத் தொகை வாங்கித் தரும். பராமரிப்பேன் என்ற நிபந்தனையோடு எழுதிக் கொடுத்த சொத்தை, பராமரிக்காவிட்டால் திரும்பப் பெறவும் வழி உண்டு. அதனால், செட்டில்மென்ட் பத்திரம் எழுதுகிற பெரியவர்களே, அந்த நிபந்தனையைப் பத்திரத்திலேயே ஒரு வரியாக எழுதிவிடுங்கள். எழுதாத அன்புக்குத் தீர்ப்பாயத்திலே சாட்சி தேடி அலையவேண்டி வரும்.

"குடிதானே காரணம்?" என்கிறார்கள். குடித்தவன் இன்ஸ்பெக்டரை அடிக்கிறானா? தறிப்பட்டறை முதலாளியை அடிக்கிறானா? எவ்வளவு குடித்தாலும், யாரை அடித்தால் திருப்பி அடிக்க முடியாது என்பது மட்டும் அவனுக்கு மறப்பதேயில்லை. கூலியைக் குறைத்த முதலாளிமீது கோபம் வரட்டும், வரவேண்டும். அதற்குச் சங்கம் இருக்கிறது. அந்தக் கோபத்தை இறக்கிவைக்கிற இடமா மனைவியின் முதுகு?

இனி, அதிகாரிகளை விட்டுவிட்டு உங்களிடம் வருகிறேன், தோழர்களே. வட்டச் செயலாளர், கிளைச் செயலாளர், வார்டு உறுப்பினர் என்று பொறுப்பிலே இருப்பவர்கள் காதைக் கொடுங்கள். காவல் நிலையத்திலே அந்த வெள்ளைத் தாள் எப்படி வருகிறது? பாதி நேரம் ஒரு தொலைபேசி அழைப்பால் வருகிறது. "நம்ம பையன்தானுங்க, போஸ்டர் ஒட்டறவன், கொஞ்சம் பார்த்து விட்டுருங்க" என்று ஒரு கரைவேட்டி பேசுகிறது. எந்தக் கட்சிக் கரை என்று கேட்காதீர்கள். எல்லாக் கரையும் அந்த வாசலிலே நின்றிருக்கிறது. மாநாட்டிலே பெண்ணுரிமை பேசிவிட்டு, மறுநாள் காலை அடித்தவனுக்காக ஸ்டேஷன் வாசலில் நிற்பதா? அவள் போட்ட ஓட்டும் நம் பெட்டியில்தானே விழுந்தது?

அடுத்தமுறை அப்படி ஒருவன் உங்கள் வீட்டுக் கதவைத் தட்டினால், "போப்பா, மனு கொடுத்தது அவங்க, பதிலும் அவங்களுக்குத்தான் சொல்லணும்" என்று அனுப்பிவிடுங்கள். பக்கத்து வீட்டிலே கூச்சல் கேட்டால் நீங்களே பாதுகாப்பு அலுவலருக்குத் தகவல் கொடுக்கலாம். நல்லெண்ணத்தோடு சொன்னவர்மீது வழக்குப் போட முடியாது என்று 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 4-ஆவது பிரிவு சொல்கிறது. பெண்களுக்கு 181, முதியவர்களுக்கு 14567. கிளைக் கழகப் படிப்பகத்திலே சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கும்போது, தலைவர் படத்துக்குப் பக்கத்திலே இந்த இரண்டு எண்களையும் பெரிய எழுத்தில் எழுதச் சொல்லுங்கள்.