மழைக்கு முன் வீடு வீடாகப் போவோம்!

தோழர்களே,

வடகிழக்குப் பருவமழை தொடங்க இன்னும் சில வாரங்களே இருக்கின்றன. குறுவை அறுவடை, நூறு நாள் வேலையின் கூலி பாக்கி, கடன்காரன் நெருக்கடி என்று நம் கிளைகள் ஏற்கெனவே திணறிக்கொண்டிருப்பது தெரிந்தேதான் இதை எழுதுகிறேன். அவற்றில் எதையும் கைவிடச் சொல்லவில்லை. ஆனால் வீடு வீடாகப் போகும் இந்த வேலையைத் தள்ளிப்போட்டால், நம்மோடு இருக்க வேண்டியவர்களில் சிலர் தை மாதத்தைப் பார்க்க மாட்டார்கள்.

2019 டிசம்பர் 2. மேட்டுப்பாளையம் அருகே நடூர். சுமார் இருபது அடி உயரச் சுற்றுச்சுவர் ஒன்று மழையில் ஊறி, விடியற்காலையில் ஓட்டு வீடுகளின் மேல் சாய்ந்தது. தூக்கத்திலேயே 17 பேர் மாண்டார்கள். அத்தனை பேரும் தலித் மக்கள். அந்தச் சுவரால் ஆபத்து என்று குடியிருப்புவாசிகள் முன்பே முறையிட்டிருந்தார்கள். சுவருக்கு அந்தப் பக்கத்து வசதியான வீட்டிலும் அன்றிரவு அதே மழைதான் பெய்தது. அங்கே யாரும் சாகவில்லை. இதை இயற்கையின் சீற்றம் என்று எழுதி யாராவது கோப்பை மூடினால், அதை நாம் ஏற்கக் கூடாது.

உலகம் முழுக்க இதே கதைதான். 2010 ஜனவரியில் ஹைத்தியில் 7.0 அளவில் நிலம் நடுங்கியது. அடுத்த மாதமே சிலியில் 8.8. சிலியில் வெளிப்பட்ட ஆற்றல் ஏறத்தாழ ஐந்நூறு மடங்கு அதிகம். ஆனால் அங்கே இறந்தவர்கள் ஐந்நூற்றுச் சொச்சம் பேர். ஹைத்தியில் லட்சத்துக்கும் மேல். ஹைத்தியில் நடுக்கம் தலைநகருக்கு வெகு அருகில் நிகழ்ந்தது என்பதும் உண்மை, மறைக்க வேண்டியதில்லை. இருந்தாலும் சிலியில் கட்டட விதிகள் இருந்தன, அவற்றை நடைமுறைப்படுத்த அரசும் இருந்தது. ஹைத்தியில் நாடு முழுமைக்குமான கட்டட விதியே இல்லை.

பணக்கார நாடாக இருந்தால் மட்டும் போதுமா? 2005-இல் கத்ரீனா புயல் வந்தபோது அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் மக்களை வெளியேறச் சொன்னார்கள். கார் வைத்திருந்தவர்கள் வெளியேறினார்கள். கார் இல்லாத ஏழைகளும் முதியவர்களும் பல்லாயிரக்கணக்கில் தண்ணீருக்குள் சிக்கினார்கள். அவர்களில் பெரும்பாலோர் கறுப்பின மக்கள். அதற்கு முந்தைய ஆண்டு ஐவன் புயல் நெருங்கியபோது சின்னஞ்சிறு கியூபா சுமார் 19 லட்சம் பேரை இடம் மாற்றியது. அங்கே ஓர் உயிர்கூடப் போகவில்லை. உலகத்திலேயே அதிகச் செல்வம் குவிந்த நாட்டால் முடியாததை, பொருளாதாரத் தடைக்குள் நெரிபட்ட ஒரு தீவு தெருத்தெருவாகத் திரண்டு செய்து முடித்தது.

நம் நாட்டிலேயே ஒடிசா இருக்கிறது. 1999 அக்டோபர் பெரும்புயலில் அங்கே ஏறத்தாழ 10,000 பேர் இறந்தார்கள். 2013-இல் ஃபைலின் வந்தபோது சுமார் 10 லட்சம் பேரை முன்கூட்டியே வெளியேற்றினார்கள். சாவு ஐம்பதைத் தாண்டவில்லை. இடைப்பட்ட பதினான்கு ஆண்டுகளில் ஒடிசா பணக்கார மாநிலமாகிவிடவில்லை. கடலோரத்தில் புயல் காப்பகங்களைக் கட்டினார்கள், ஊர்தோறும் ஆட்களைப் பழக்கினார்கள், அவ்வளவுதான். வங்கதேசம் 1970 புயலில் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோரைப் பறிகொடுத்த நாடு. இன்று அங்கே 70,000-க்கும் அதிகமான தொண்டர்கள் கொடியும் மெகாபோனும் கைச்சங்குமாகக் கிராமங்களில் நிற்கிறார்கள். 1991 புயலில் ஆண்களைவிடப் பெண்கள் மிக அதிகமாக இறந்தார்கள். அந்தத் தொண்டர்களில் இன்று சரிபாதிப் பேர் பெண்கள். நம் கிளைகள் இதை ஊன்றிக் கவனிக்க வேண்டும்.

செல்வம் காப்பாற்றுகிறது, மறுக்கவில்லை. செல்வம் நியாயமாகப் பங்கிடப்படும் நாளுக்காகத்தான் நாம் போராடுகிறோம். ஆனால் புயல் அந்த நாள்வரை காத்திருக்காது. அதுவரை நம் மக்களின் உயிரைக் காக்க அமைப்பைத் தவிர நம்மிடம் வேறென்ன இருக்கிறது?

2004 டிசம்பர் 26-ஐ மறந்திருக்க மாட்டீர்கள். சுமத்ரா அருகே காலை ஆறரை மணிக்கு நிலம் நடுங்கியது. அலை நம் கரைக்கு வர இரண்டு மணி நேரத்துக்கும் மேலானது. பசிபிக் கடலுக்குப் பல பத்தாண்டுகளாகச் சுனாமி எச்சரிக்கை மையம் இருந்தது, இந்தியப் பெருங்கடலுக்கு இல்லை. நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்டோர் போனார்கள். அதே காலையில் புதுச்சேரி அருகே நல்லவாடு மீனவக் கிராமத்தில் நடந்தது வேறு. சிங்கப்பூரில் வேலை பார்த்த அந்த ஊர் இளைஞர் ஒருவர் தொலைக்காட்சியில் செய்தியைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போன் செய்தார். கடல் நிலவரம் சொல்வதற்காக எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அமைத்துக் கொடுத்திருந்த தகவல் மையத்தை ஊர்க்காரர்கள் உடைத்துத் திறந்து, ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். 3,000-க்கும் மேற்பட்டோர் கரையைவிட்டு ஓடிப் பிழைத்தார்கள். அந்த ஊரை எந்தக் கோடீஸ்வரனும் காப்பாற்றவில்லை. ஒரு போன், ஓர் ஒலிபெருக்கி, சொன்னதும் கிளம்பிய மக்கள், இவ்வளவே.

எனவே தோழர்களே, ஒவ்வொரு கிளையும் தன் ஊரில் வீடு வீடாகப் போக வேண்டும். குடிசை எது, விரிசல் விட்ட தொகுப்பு வீடு எது, தனியாக இருக்கும் பாட்டி யார், நிறைமாதக் கர்ப்பிணி யார், படுத்த படுக்கையாக இருப்பவர் யார் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரில் அவரைத் தூக்கி வரப்போகும் தோழரின் பெயரையும் எழுதுங்கள். இந்த இரண்டாவது பெயர் இல்லாத நோட்டால் யாருக்கும் பயனில்லை. வேண்டுமென்றே யாரும் வெள்ளத்தில் உட்கார்ந்திருப்பதில்லை. ஆடு மாட்டை விட்டு வர மனம் வராது. வீட்டைப் பூட்டிப் போனால் இருப்பதும் போய்விடும் என்ற பயம். முகாமில் கழிப்பறைக்கு எங்கே போவது என்ற பெண்களின் கவலை. இவற்றுக்கு இப்போதே வழி செய்யாமல், மழையில் நனைந்துகொண்டு போய் அழைத்தால் யாரும் வர மாட்டார்கள். கால்நடைகளைக் கட்ட மேட்டு நிலம் பார்த்து வையுங்கள். முகாமாகும் பள்ளியின் சாவி யாரிடம் இருக்கிறது, தண்ணீர் வருகிறதா, கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா என்று பெண் தோழர்கள் நேரில் போய்ப் பார்க்கட்டும்.

முகாமில் சாதியை நுழைய விடாதீர்கள். சுனாமிக்குப் பிறகு தலித் மக்களும் இருளர்களும் நிவாரணத்தில் ஒதுக்கப்பட்டார்கள். மறுபடி அது நடந்தால் நம் கொடிக்கு அவமானம். ஒரே அடுப்பு, ஒரே பந்தி, ஒரே தண்ணீர்க் குழாய்.

ரேஷன் அட்டை, ஆதார், வங்கிப் புத்தகம், குத்தகைச் சீட்டு எல்லாவற்றையும் நனையாத உறையில் போட்டு வைக்கச் சொல்லுங்கள். சீட்டு இல்லாதவரின் கதியைக் கஜா புயலில் பார்த்தோம். 2018 நவம்பர் 16 அதிகாலையில் அது நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறியபோது, பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் பிள்ளைபோல் வளர்த்த தென்னைகள் ஒரே இரவில் சாய்ந்தன. முழுதாக இடிந்த குடிசைக்கு அரசு அறிவித்தது 10,000 ரூபாய். பட்டா இருந்தவரின் மரமாவது கணக்கில் ஏறியது. பட்டாவில் பெயரில்லாத குத்தகைக்காரரும், தோப்பில் காய் பறித்தும் மட்டை உரித்தும் வயிறு கழுவியவரும் எந்தக் கணக்கில் வருவார்கள்? கூலி இழப்புக்கும் நிவாரணம் வேண்டும் என்ற கோரிக்கையைப் புயலுக்குப் பிறகல்ல, இன்றே எழுப்புவோம்.

இதெல்லாம் அரசு செய்ய வேண்டிய வேலை, நாம் ஏன் சுமக்க வேண்டும் என்று சில தோழர்கள் கேட்கிறார்கள். அரசு செய்தே ஆக வேண்டும். வாய்க்கால் தூர்வாருவது, குடிசைக்குப் பதில் கான்கிரீட் வீடு, ஊருக்கு ஊர் காப்பகம், ஆழ்கடல் போகும் ஒவ்வொரு படகுக்கும் கரையோடு பேசும் கருவி, எதிலும் ஓர் அங்குலம்கூட விட்டுக்கொடுக்க வேண்டாம். ஆனால் வெறுங்கையோடு போய் நிற்பவரை வட்டாட்சியர் அலுவலகம் நாளை வரச் சொல்லும். ஊரின் ஒவ்வொரு குடிசையும் பதிவான நோட்டோடு நூறு பேர் போய் நின்றால் அப்படிச் சொல்ல முடியாது.

வரும் ஞாயிற்றுக்கிழமை கிளைக் கூட்டத்தைக் கூட்டுங்கள். அன்றைக்கே தெருக்களைப் பிரித்துக்கொண்டு இறங்குங்கள். வாலிபர்களும் மாதர்களும் முன்னால் வரட்டும். அக்டோபர் முதல் வாரத்துக்குள் ஒவ்வொரு ஊரின் நோட்டும் முடிந்திருக்க வேண்டும். நோட்டுகளோடு வாருங்கள், வட்டாட்சியர் அலுவலக வாசலில் சந்திப்போம்.