வெறிநோயும் வீட்டுப் பூனைகளும்

ஆங்கிலத்தில் ‘ரேபிஸ்’ என வழங்கும் நோய்க்குத் தமிழில் நெடுநாளாக வழங்கிவரும் பெயர் ‘வெறிநாய்க்கடி’ என்பதாகும். இலங்கைத் தமிழர் ‘விசர்நாய்க்கடி’ என்பர். லத்தீன் மொழியில் சினத்தையும் வெறியையும் குறிக்கும் சொல்லினின்று பிறந்த ‘ரேபிஸ்’ என்னும் பெயரில் நாயும் இல்லை, கடியும் இல்லை. நம் பெயரிலோ இரண்டும் உள. சுகாதார அறிவிப்புகளை மொழிபெயர்க்கும் தொழிலில் உள்ள எம்போன்றோரின் மேசைக்கு இச்சொல் அடிக்கடி வருகின்றது. நோயைப் பற்றிய செய்தியில் ஒரு முக்கியமான பகுதியை இப்பெயர் மறைத்துவிடுகின்றது என்பது என் கருத்து. நாய் கடித்தால் வரும் நோய் என்று பெயரே கூறிவிட்ட பின், பூனை பிறாண்டிய கையை மருத்துவரிடம் காட்ட வேண்டும் என்று யாருக்குத் தோன்றும்? வீட்டில் நான்கைந்து பூனைகள் வளர்ப்போர் அவற்றுக்குத் தடுப்பூசி உண்டு என்பதையேனும் எவ்வாறு அறிவர்?

பழைய நூல்களில் காணப்படும் ‘ஜலபயம்’ என்ற பெயரும் இக்குறையைத் தீர்ப்பதன்று. நீரைக் கண்டு அஞ்சுதல் நோயுற்ற மனிதரிடம் காணப்படும் குறியாகும். பூனை வழக்கம்போல் பாலையும் நீரையும் நக்கிக் குடிக்கின்றதே என்று அதனைக் கொண்டு ஆறுதல் அடைவோர் ஏமாற்றம் அடையக்கூடும். ‘வெறிநோய்’ என்று எழுதினால் போதுமானது. சொல்லும் சிறிது, பொருளும் சரி.

நாயின்மீது இத்தனை கவனம் செலுத்துவதில் பிழை ஏதுமில்லை. மனிதரைப் பற்றும் வெறிநோயில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது வரை நாய்களின் வழியே வருவது என உலக சுகாதார நிறுவனம் கூறுகின்றது. 1885ஆம் ஆண்டில் பாரிஸில் லூயி பாஸ்டர் முதன்முதலாகத் தம் மருந்தைச் செலுத்திய சிறுவனும் நாயால் கடியுண்டவனே. நம் நாட்டில் 1900இல் கசௌலியிலும், 1907இல் குன்னூரிலும் பாஸ்டர் நிலையங்கள் தோன்றின. கசௌலியில் 1911இல் டேவிட் செம்பிள் உருவாக்கிய, ஆட்டு மூளையிலிருந்து எடுக்கப்பட்ட மருந்தைத்தான் நம் பெற்றோர் காலத்தில் வயிற்றில் பல நாள் ஊசியாக ஏற்றிக்கொண்டனர். அதன் உற்பத்தி 2004ஆம் ஆண்டின் இறுதியில் இந்தியாவில் நிறுத்தப்பட்டது. இன்று இடப்படுவது உயிரணு வளர்ப்பில் தயாராகும் மருந்து; தோலுக்குள் இடும் முறையில் 0, 3, 7, 28 ஆகிய நாட்களில் கையில் குத்தப்படுவது. வயிற்றைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்ற பழைய அச்சம் மாத்திரம் இன்னும் மக்களை விட்டு நீங்கியபாடில்லை.

2021ஆம் ஆண்டு செப்டம்பர் 28ஆம் நாள் மத்திய அரசு வெளியிட்ட தேசியச் செயல்திட்டத்தின் நோக்கம், நாய்வழிப் பரவும் வெறிநோயை 2030க்குள் ஒழிப்பதாகும். நாய்களுள் நூற்றுக்கு எழுபதுக்கேனும் தடுப்பூசி போட்டுவிட்டால் நோயின் சங்கிலி அறுபடும் என்பது விஞ்ஞானிகளின் கணிப்பு. அது நிறைவேறினால் பூனைகளுக்கும் நன்மையே. ஏனெனில் பூனைக்கென்று தனியானதொரு வெறிநோய் வைரஸ் இல்லை. நாயிடமிருந்தோ பிற விலங்குகளிடமிருந்தோதான் அது நோயைப் பெறுகின்றது. ஆயினும் அந்த நாள் வரும் வரையில் பூனையை என்ன செய்வது? அதனை நாம் எண்ணிப் பார்க்கவும் இல்லை, எண்ணிக்கையில் சேர்க்கவும் இல்லை. 2024 அக்டோபரில் தொடங்கிய இருபத்தொன்றாவது கால்நடைக் கணக்கெடுப்பில் கோழியினம் நீங்கலாகப் பதினைந்து வகைப் பிராணிகள் இடம்பெற்றன. மாடு, எருமை முதலியவற்றோடு நாய் உண்டு, முயல் உண்டு, யானையும் உண்டு. பூனை இல்லை. எத்தனை பூனைகள் என்று அறியாதபோது எத்தனைக்கு ஊசி போடப்பட்டது என்ற கேள்விக்கே இடமில்லை.

பூனையின் பல் ஊசி போன்றது. அது தோலில் சிறு துளையை இட்டு ஆழத்தில் இறங்குகின்றது. மேல்வாய் விரைவில் மூடிக்கொள்வதால் காயம் அற்பமாகத் தோன்றும். கடியும் பிறாண்டலும் பெரும்பாலும் நரம்புகள் நெருங்கிய விரல்களிலும், குழந்தைகளாயின் முகத்திலுமே நேர்கின்றன. இரத்தம் கசிந்த பிறாண்டல், உலக சுகாதார நிறுவனத்தின் வகுப்பில் மூன்றாம் வகையைச் சார்ந்தது. அதாவது தடுப்பூசியோடு இம்யூனோகுளோபுலின் என்னும் எதிர்ப்பொருளும் காயத்தில் இடவேண்டிய வகை. சோப்பும் நீரும் கொண்டு கால் மணி நேரம் காயத்தைக் கழுவுதல் முதற் கடமை. மஞ்சளையோ மிளகாய்ப்பொடியையோ அப்பிவிட்டு வீட்டுப் பூனைதானே என்று இருந்துவிடும் வழக்கம் படித்தவர் இல்லங்களிலும் உண்டு. குறிகள் தோன்றிய பின் இந்நோய்க்கு மருந்து இல்லை என்பதை இங்கே நினைவில் வைத்தல் வேண்டும்.

பல பூனைகள் உள்ள வீட்டின் நிலை இன்னும் சற்றுச் சிக்கலானது. அவ்வீட்டில் மடியில் உறங்கும் ஒன்றிரண்டு பூனைகளை மாத்திரம் மருத்துவமனைக்கு எடுத்துச் செல்வதும், எளிதில் கைக்கு அகப்படாதவற்றை விட்டுவிடுவதும் இயல்பு. கைக்கு அகப்படாத பூனையே இரவில் சுவரேறிப் போவது. பிற பூனைகளோடும் நாய்களோடும் சண்டையிட்டு வருவதும் அதுவே. எனவே ஊசி முதலில் யாருக்குத் தேவையோ அதற்குத்தான் கிடைப்பதில்லை. வெறிநோய் ஒன்றே அன்று. பூனைக்குட்டிகளுக்குக் கடும் வாந்தியும் கழிச்சலும் உண்டாக்கி, இரத்தத்தின் வெள்ளணுக்களை அழித்து, சில நாட்களில் கொன்றுவிடும் ஒரு வைரஸ் உண்டு. அது தரையிலும் பாயிலும் ஓராண்டு வரை உயிர்ப்புடன் கிடக்க வல்லது. மனிதரின் செருப்பில் ஒட்டிக்கொண்டு, வாயிற்படி தாண்டாத பூனையிடமும் வந்து சேரும். நாய்க்குட்டிகளை 1978 முதல் உலகெங்கும் வாட்டிவரும் பார்வோ வைரஸ் இதன் நெருங்கிய உறவினதே. இதனோடு மூக்கையும் கண்ணையும் தாக்கும் வேறு இரு வைரஸ்களையும் சேர்த்துத் தடுக்கும் மும்மைத் தடுப்பூசி உண்டு. ஆறு முதல் எட்டு வார வயதில் தொடங்கி, இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒருமுறையாக, பதினாறு வாரம் நிறையும் வரை அதனை இடுதல் வேண்டும். தாய்ப்பாலின் வழியே வந்த எதிர்ப்புச் சக்தி முதல் ஊசிகளின் பயனைக் கெடுத்துவிடலாம் என்பதே இவ்வாறு திரும்பத் திரும்ப இடுவதன் காரணம். வெறிநோய்த் தடுப்பூசி மூன்று மாத வயதில் ஒன்று, ஓராண்டு கழித்து ஒன்று. பின்னர் மருந்தின் வகைக்கும் உள்ளூர் விதிக்கும் ஏற்ப.

இனி, கொண்டு செல்லும் தொல்லை. நாம் ‘கால்நடை மருத்துவமனை’ என்கிறோம். நாய் கால்நடையாகவே வந்துவிடும். மாட்டை ஓட்டி வரலாம். பூனை ஒன்றே மருத்துவமனைக்குக் கால்நடையாக வர மறுக்கும் பிராணி. அதனைக் கோணியில் கட்டுவது நம் ஊர்களில் ஊரெல்லைக்கு அப்பால் விட்டுவருவதற்குக் கையாளப்படும் முறை, சிகிச்சைக்கு ஏற்றதன்று. மூடியுள்ள பிரம்புக் கூடையோ பிளாஸ்டிக் பெட்டியோ பூனைக்கு ஒன்றாக வேண்டும். இரண்டை ஒரே பெட்டியில் அடைத்தால் அச்சத்தில் ஒன்றையொன்று குதறிவிடும். சில நாள் முன்னதாகவே பெட்டியைத் திறந்து வைத்து, அது படுக்கும் துணியை உள்ளே இட்டால் தானே சென்று உறங்கப் பழகும். வழியில் பெட்டியின் மேல் துணியைப் போர்த்துதல் நன்று. ஐந்து பூனைகளுக்கு ஐந்து பெட்டிகள் இல்லாத வீடுகளே பல. அத்தகையோர் இரண்டு மூன்று நாட்களாகப் பிரித்துக்கொள்ளலாம். எல்லாமே சாம்பல் நிறக் கோடுடையனவாயின், எந்தப் பூனைக்கு எந்த நாளில் எந்த ஊசி என்று அடையாளத்தோடு குறித்து வைக்காவிடில் ஒன்றுக்கே இருமுறை குத்திவிட்டு மற்றொன்றை விட்டுவிட நேரும்.

இத்தனை பாடுபட்டுக் கொண்டு சேர்த்தால், அங்கே காத்திருக்கும் கூடத்தில் சங்கிலி இழுபட நாய்கள் குரைக்கின்றன. பெட்டிக்குள் மூச்சிரைக்கும் பூனையை வெளியே எடுத்த கணத்தில் அது கூரை விட்டத்துக்குத் தாவிவிடின், அந்த வீட்டார் மறுமுறை வரமாட்டார்கள். அரசாங்கத்தின் கால்நடை மருத்துவமனைகள் யாவும் வாரத்தில் ஒரு பிற்பகலை, இரண்டு மணி நேரமேனும், பூனைகளுக்கென்றே ஒதுக்க வேண்டும் என்பது என் வேண்டுகோள். இதற்குப் புதிய கட்டடம் வேண்டா. புதிய மருந்தும் வேண்டா. நாய்களுக்கென வாங்கப்படும் வெறிநோய்த் தடுப்பூசிகளுள் பெரும்பாலானவை பூனைக்கும் உரியவையே; வழக்கமான அளவும் இரண்டுக்கும் 1 மில்லிலிட்டரே. பத்துப் பிராணிகளுக்கான புட்டியை ஒரு பூனைக்காகத் திறக்க மருத்துவர் தயங்குவது இயற்கை. ஒரு தெருவின் பூனைகள் ஒரே நாளில் வருமாயின் அத்தயக்கம் இராது, மருந்தும் வீணாகாது. பணியாளருக்கு வேலை கூடும் என்ற ஆட்சேபம் எழலாம். கூடும்தான், ஆனால் நாயும் பூனையும் கலந்த கூட்டத்தில் ஒரு பூனையைப் பிடித்து அடக்கச் செல்லும் நேரத்தில், அமைதியான அறையில் மூன்று பூனைகளுக்கு ஊசி முடிந்துவிடும்.

வீடு திரும்பிய பின் நேரும் ஒரு விந்தையைப் பலர் அறிவதில்லை. மருத்துவமனையின் மணத்தோடு வரும் பூனையை, வீட்டிலிருக்கும் பூனைகள் அயலானெனக் கருதிச் சீறித் தாக்குவதுண்டு. முந்திய நாள் வரை ஒரே பாயில் உறங்கியவையும் விலக்கல்ல. அன்று மாலை வரையிலேனும் அதனைத் தனியறையில் வைத்து, மற்றவை படுத்த துணியால் மேனியைத் துடைத்துவிட்டால் பெரும்பாலும் சண்டை மூளாது. ஊசி இட்ட இடத்தில் சிறு தடிப்பு எழலாம். ஓரிரு நாள் சோர்வும் உணவில் விருப்பமின்மையும் இருக்கலாம். தடிப்பு மூன்று மாதத்துக்கு மேலும் கரையாதிருந்தாலும், ஒரு மாதத்துக்குப் பின் வளர்ந்துகொண்டே சென்றாலும் மருத்துவரிடம் மீண்டும் காட்டுதல் அவசியம்.