டாச்சியா: விலையைக் குறைக்க எதைக் கழற்றினார்கள்?

டாச்சியா என்ற பெயரைக் கேட்டாலே ஐரோப்பாவில் ஒரு நமட்டுச் சிரிப்பு கிளம்பிய காலம் உண்டு. (ருமேனியர்கள் டாச்சியா என்பார்கள், ஆங்கிலேயர் வாயில் அது டேசியா ஆகிவிடும்.) பிபிசியின் டாப் கியர் நிகழ்ச்சியில் ஜேம்ஸ் மே ஏதோ பெரிய நற்செய்தி கொண்டு வந்தவர் மாதிரி ஆரம்பித்து டாச்சியா சான்டெரோ பற்றி ஒரு வரி சொல்வார். பக்கத்தில் இருப்பவர்கள் அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் அடுத்த விஷயத்துக்குத் தாவிவிடுவார்கள். அரங்கம் கொல்லென்று சிரிக்கும். இப்படி ஒரு காரைப் பற்றிக்கூட ஒருவன் ஆர்வமாகப் பேசுவானா என்பதுதான் அந்த ஜோக்.

2024-ல் ஐரோப்பாவிலேயே அதிகம் விற்ற கார் அதே சான்டெரோதான்.

ஆக, சிரித்தவர்கள் தோற்றார்கள், சாமானியனின் கார் ஜெயித்தது, சுபம் என்று திரையை இறக்கிவிட நிறைய பேருக்கு ஆசை. கம்பெனிக்கு அந்த ஆசை இன்னும் அதிகம். கார் பத்திரிகைகளிலும் இப்போது இதே பல்லவிதான். ஆனால் இங்கேதான் இடிக்கிறது. மலிவான கார் வாங்கியவனைக் கிண்டலடிப்பது எவ்வளவு கேவலமோ, அவனுடைய திருப்தியைக் காட்டிக் கம்பெனிக்கு நற்சான்றிதழ் எழுதித் தருவதும் அவ்வளவு கேவலம். இது ஏன் என்று புரிய அந்தக் காரின் கதையைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

1966-ல் ருமேனிய அரசு பிரான்ஸின் ரெனால்ட் கம்பெனியோடு ஒப்பந்தம் போட்டது. பிட்டெஷ்ட்டி நகருக்குப் பக்கத்தில், இன்று மியோவெனி எனப்படும் ஊரில் ஆலை எழுந்தது. 1968 ஆகஸ்டில் டாச்சியா 1100 வந்தது. அது ரெனால்ட் 8-தான், பெயர் மட்டும் வேறு. முதல் வண்டி அதிபர் சௌசெஸ்குவுக்குப் போனது (வேறு யாருக்குப் போகும்?). அடுத்த வருடமே ரெனால்ட் 12-ஐ வைத்து டாச்சியா 1300. அதன் பிறகு நடந்ததுதான் வேடிக்கை. பிரான்ஸில் ரெனால்ட் 12 வந்து, ஓய்ந்து, மறக்கப்பட்டே போய்விட்டது. ருமேனியாவில் அதே கார் முகத்தை மட்டும் அங்கங்கே மாற்றிக்கொண்டு 2004 வரை, 35 வருடம், ஏறத்தாழ 20 லட்சம் வண்டிகள் வந்தது. அம்பாசிடரைத் தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அந்தக் காரை வைத்திருந்தவர்கள் என்ன நினைத்தார்கள்? திட்டினார்கள், கூடவே நேசித்தார்கள். பணத்தை முன்னாலேயே கட்டிவிட்டு வருடக்கணக்கில் காத்திருந்து வாங்கிய வண்டி அது. வந்த பிறகு அதை நம்பி ஊருக்குப் போக வேண்டுமானால் பின்பக்கத்தில் உதிரி பாகங்களும் ஒரு சாவிப் பெட்டியும் வேண்டும். அடுக்குமாடிக் குடியிருப்புகளின் முன்னால் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்பது ஒரு தலைமுறை ருமேனிய ஆண்களின் ஞாயிற்றுக்கிழமை வேலையாகவே இருந்தது. எண்பதுகளில் அந்த ஞாயிறுக்கும் ஆபத்து வந்தது. நாட்டின் கடனை அடைக்கிறேன் என்று சௌசெஸ்கு பெட்ரோலுக்கு ரேஷன் போட்டார். ஒரு ஞாயிறு ஒற்றைப்படை எண் வண்டிகள், அடுத்த ஞாயிறு இரட்டைப்படை எண் வண்டிகள் என்று முறை வைத்தார்கள். காருக்காக அவ்வளவு காத்திருந்தவன், வாங்கிய பிறகு அதை எடுத்து ஓட்டவும் காத்திருந்தான். ஆக டாச்சியாவைக் கிண்டல் செய்ய யாருக்காவது உரிமை இருந்தால் அது ருமேனியர்களுக்குத்தான் இருந்தது. டாப் கியர் ஸ்டூடியோவில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு இல்லை.

1999-ல் ரெனால்ட் டாச்சியாவின் 51 சதவிகிதப் பங்குகளை வாங்கியது. அப்போதைய தலைவர் லூயி ஷ்வைட்சர் மனதில் ஒரு கணக்கு இருந்தது. ரஷ்யாவில் பழைய லாடா 6000 டாலருக்கு அள்ளிக்கொண்டு போவதையும், ரெனால்ட்டின் பளபளப்பான கார்கள் ஷோரூமிலேயே நிற்பதையும் பார்த்த மனிதர் அவர். 5000 யூரோவில் ஒரு புது கார் வேண்டும் என்றார். கம்பெனிக்குள்ளேயே பலர் நம்பவில்லை. 2004-ல் லோகன் வந்தது.

லோகனை எப்படிச் செய்தார்கள் என்பது கார் பிடிக்காதவர்களும் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம். பக்கவாட்டுக் கண்ணாடிகள் இடது வலது இரண்டுக்கும் ஒரே அச்சு. டேஷ்போர்டு ஒரே வார்ப்பு. முன்கண்ணாடியில் வளைவைக் குறைத்தார்கள், ஏனென்றால் வளைவு கூடக் கூடச் செலவு கூடும். இன்ஜினும் கியர்பாக்ஸும் ரெனால்ட்டின் மற்ற கார்களில் ஏற்கெனவே ஓடித் தேறியவை. ஹார்ன் ஸ்டியரிங் நடுவில் இல்லை, இண்டிகேட்டர் தண்டின் முனையை அமுக்க வேண்டும். (அவசரத்தில் ஸ்டியரிங்கைக் குத்திவிட்டு ஹார்ன் வேலை செய்யவில்லை என்று பதறியவர்கள் எத்தனை பேரோ!) ஆனால் டிக்கி பெரியது, உள்ளே ஐந்து பெரியவர்கள் உட்காரலாம், கரடுமுரடான ரோட்டுக்கு ஏற்ற உயரம். அதாவது அலங்காரத்தை வெட்டினார்கள், உபயோகத்தை வெட்டவில்லை. விலை குறைப்பு என்றால் இதுதான் நேர்மையான விலை குறைப்பு.

மேற்கு ஐரோப்பாவில் இதை யார் வாங்கப் போகிறார்கள் என்று நினைத்தவர்களுக்கு 2005-ல் பதில் கிடைத்தது. பிரான்ஸில் 7500 யூரோவுக்கு வந்தபோதே ஆட்கள் காத்திருந்தார்கள். 2008-ல் சான்டெரோ, 2010-ல் டஸ்டர். 2013-ல் பிரிட்டனுக்குள் சான்டெரோ 5995 பவுண்டுக்கு நுழைந்தது. அந்த விலைக்கு ரேடியோ கிடையாது, பம்பருக்குப் பெயின்ட் கிடையாது, நிறம் வெள்ளை மட்டும்.

டாச்சியாக்காரர்கள் பேசுவதைக் கவனித்தால் ஒரு ஒற்றுமை தெரியும். யாரும் காரைப் புகழ்வதில்லை, கணக்கைப் புகழ்கிறார்கள். இந்தப் பணத்துக்கு இன்னொருவன் ஓட்டித் தேய்த்த காரைத்தான் வாங்கியிருக்க முடியும், இதுவோ கேரண்டியோடு வந்த புதுசு என்பார்கள். டீலரிடம் பேரம் பேசி ஏமாற வேண்டியதில்லை, எல்லாருக்கும் ஒரே விலை என்பார்கள். விற்கப் போனாலும் விலை அதிகம் விழுவதில்லை என்பார்கள். குறை கேட்டால் அதையும் ஒளிக்க மாட்டார்கள். நெடுஞ்சாலையில் இரைச்சல், பிளாஸ்டிக் தட்டினால் டப்பா சத்தம், சீட் மெலிசு, ஆரம்ப கால டஸ்டர்களில் துரு. பிரான்ஸில் டாச்சியாக்காரர்கள் ஆயிரக்கணக்கில் கூடிய பெரிய பிக்னிக்கே நடந்திருக்கிறது. விலையுயர்ந்த கார் வாங்க வசதி இருந்தும் இதை வாங்கியவர்களும் அதில் உண்டு. ஊர் மெச்ச வண்டி ஓட்டுவதில்லை என்று முடிவெடுத்தவர்கள். அவர்களைப் பார்த்துச் சிரிப்பவன், மாதத் தவணையில் வாங்கிய லோகோவைத் தடவிக்கொண்டு சிரிக்கிறான். அது அவன் பாடு.

இதுவரை கம்பெனியின் விளம்பரப் படத்திலும் சொல்லிவிடலாம். சொல்ல மாட்டாதது இனிமேல்தான்.

விலை குறைந்ததற்கு ஒரே அச்சு கண்ணாடி மட்டும் காரணமில்லை. லோகன் ஐரோப்பா முழுக்க ஓடத் தொடங்கிய காலத்தில் மியோவெனி தொழிலாளியின் மாதச் சம்பளம் 300 யூரோவை ஒட்டித்தான் இருந்தது. 2008 மார்ச் கடைசியில் அவர்கள் வேலையை நிறுத்தினார்கள். இரண்டு வாரத்துக்கும் மேல் ஆலை முடங்கிய பிறகு சம்பள உயர்வு கிடைத்தது. 2012-ல் மொராக்கோவின் டான்ஜியரில் ரெனால்ட் புது ஆலை திறந்தது. அங்கே சம்பளம் இன்னும் குறைவு. இதற்கு மேல் விளக்கம் தேவையா?

அடுத்தது உயிர். 2021-ல் யூரோ என்கேப் மோதல் சோதனையில் சான்டெரோவுக்கு 2 நட்சத்திரம், ஏழு சீட்டுள்ள ஜாகருக்கு 1, மின்சாரக் கார் ஸ்பிரிங்குக்கும் 1. உடனே கம்பெனியின் ரசிகர்கள் ஒரு சமாதானம் சொல்வார்கள்: கோடு தாண்டினால் கத்தும் கருவி, தானே பிரேக் போடும் கருவி, இதெல்லாம் இல்லாததால்தான் நட்சத்திரம் போச்சு, கார் உறுதியானதுதான் என்று. சான்டெரோ விஷயத்தில் இதில் பாதி உண்மை உண்டு. பெரியவர்களுக்கான பாதுகாப்பில் அது 70 சதவிகிதம் வாங்கியது. ஆனால் ஸ்பிரிங் அதே பகுதியில் 49 சதவிகிதம்தான். ஜாகரின் மூன்றாம் வரிசையில் சீட் பெல்ட் போடச் சொல்லி நினைவூட்டும் விளக்குகூட இல்லை. அந்த வரிசையில் பெரும்பாலும் உட்காரப் போவது குழந்தைகள். எத்தனை யூரோ மிச்சமாகியிருக்கும்?

ஐரோப்பாவிலாவது நட்சத்திரம் குறைந்தால் ஊரே பேசுகிறது. சென்னைக்குப் பக்கத்தில் ஒரகடத்துக்கு வந்தால் கதை இன்னும் மோசம். 2010-ல் அங்கே ரெனால்ட்டும் நிஸானும் சேர்ந்து ஆலை திறந்தன. 2012-ல் அந்த ஆலையிலிருந்து டாச்சியா டஸ்டர் ரெனால்ட் சின்னத்தோடு வெளிவந்தது. ஆரம்ப விலை 7.19 லட்சம். ஐரோப்பாவில் சிக்கனக்காரன் வாங்கும் கார், இந்தியாவில் பந்தா எஸ்யூவி! விலையில் சிக்கனம் போயே போய்விட்டது. வேறு எதில் சிக்கனம் பிடித்தார்கள் என்பது 2017-ல் தெரிந்தது. குளோபல் என்கேப் இந்திய டஸ்டரை மோதிப் பார்த்தபோது ஏர்பேக் இல்லாத மாடலுக்குக் கிடைத்தது பூஜ்யம். ஓட்டுநருக்கு மட்டும் ஏர்பேக் உள்ள மாடலுக்கு 3 நட்சத்திரம் கிடைத்தது, ஆனால் அந்தப் பையும் லத்தீன் அமெரிக்காவில் விற்ற டஸ்டரில் இருந்ததைவிடச் சிறியது. இந்தியனின் தலை சிறியது என்று யாராவது அளந்து பார்த்தார்களா?

க்விட் இதற்கும் மேல். லோகன் திட்டத்தை நடத்திய ஜெரார் டெட்டூர்பே என்ற அதே பொறியாளர்தான் சென்னைக்கு வந்து க்விட்டை உருவாக்கினார். 2015-ல் 2.56 லட்சத்துக்கு வந்தது. செலவைக் குறைப்பதில் அவர் மேதை, அதில் சந்தேகமில்லை. ஆனால் லோகனில் இருந்த நேர்மை இதில் தலைகீழாகிவிட்டது. மேல் வேரியன்ட்டில் டச்ஸ்கிரீன் இருந்தது. ஏர்பேக்? அதே மேல் வேரியன்ட்டில், ஓட்டுநருக்கு மட்டும், அதுவும் கூடுதல் காசு கொடுத்துக் கேட்டால். லோகனில் அலங்காரத்தைக் கழற்றி அவசியத்தை வைத்தவர்கள், க்விட்டில் அலங்காரத்தை மாட்டி அவசியத்தைக் கழற்றினார்கள். 2016 மே மாதம் 64 கிலோமீட்டர் வேகத்தில் மோதிப் பார்த்தபோது ஏர்பேக் வைத்த க்விட்டுக்கும் பூஜ்யம்தான். கொஞ்சம் திருத்தி அதே வருடம் மறுபடி சோதித்தபோது ஒன்று. அடுத்த வருடம் பிரேசிலில் க்விட் அறிமுகமானது. அங்கே எல்லா வண்டியிலும் 4 ஏர்பேக், உடம்பிலும் கூடுதல் இரும்பு, 3 நட்சத்திரம். எப்படிச் செய்வது என்று தெரியாமல் இல்லை. தெரிந்தேதான் ஆளுக்கொரு நியாயம் வைத்தார்கள். ஐரோப்பாவில் 1 நட்சத்திரம் வாங்கிய ஸ்பிரிங்கும் இந்த க்விட்டின் வம்சம்தான்.

இதற்கு வழக்கமாக ஒரு பதில் வரும். இந்திய வாடிக்கையாளர் பாதுகாப்பைக் கேட்பதில்லை, மைலேஜைத்தான் கேட்கிறார், விலை கூடினால் பைக்கிலேயே குடும்பத்தோடு போவார், அதைவிட இந்தக் கார் எவ்வளவோ மேல் என்று. கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் 7 லட்சத்துக்கு டஸ்டர் வாங்கியவர் பைக்கிலிருந்தா இறங்கி வந்தார்? எனக்கு ரேடியோ வேண்டாம் என்று பிரிட்டனில் ஒருவர் சொன்னால், தான் எதை விடுகிறோம் என்று அவருக்குத் தெரியும். காதில் கேட்காது, அவ்வளவுதான். ஷோரூமில் நிற்கும் க்விட்டின் தகரத்துக்கு அடியில் பிரேசில் வண்டியைவிட எவ்வளவு இரும்பு குறைவு என்று ஒரகடத்துப் பக்கத்து வாடிக்கையாளருக்கு எந்த விற்பனையாளர் சொன்னார்? தெரியாமல் விட்டதைத் தேர்ந்தெடுத்தது என்று சொல்வதற்குப் பெயர் ஜல்லியடிப்பது. போதாக்குறைக்கு, வண்டி வாங்கிய அதே ஆளின் திருப்தியைச் சாட்சிக்கு இழுப்பார்கள். மைலேஜ் நன்றாக இருக்கிறது, ஏசி நன்றாகக் குளிர்கிறது என்று அவர் சொல்வது முழுக்க உண்மை. மோதாத வரை ஏர்பேக் இல்லாத காரும் நல்ல கார்தான். மோதிய பிறகு கருத்து சொல்ல எல்லாரும் இருப்பதில்லை.

சரி, விலை கூடிவிடும் என்ற பயமாவது உண்மையா? 2019 ஜூலையிலிருந்து இந்தியாவில் ஓட்டுநருக்கு ஏர்பேக் கட்டாயம் என்று சட்டம் வந்தது. அதுவரை முடியவே முடியாது என்றிருந்த பை, அடிமட்ட க்விட்டின் ஸ்டியரிங்குக்குள்ளும் வந்து உட்கார்ந்தது. பைக்காரர்கள் யாரும் அதனால் காரைக் கைவிட்டு ஓடவில்லை. க்விட் அதற்குப் பிறகும் வருடக்கணக்கில் விற்றது.